இன்னொரு காது பாக்கி

"செருப்பை வெளியில விடுங்க... ஐயோ, குடையையும்தான்!"

செண்பகவல்லி போட்ட சத்தத்தில் பதினோரு தாய்மாரும் பதினோரு குழந்தைகளும் ஒரே நேரத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசலில் ஒரு நெட்டை ஆள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அத்தனை பெரிய குடையும் அவன் தோளில் உட்கார்ந்திருந்த பெண்குழந்தைக்குத்தான். அது மட்டும் ஒரு சொட்டு நனையாமல், ராணி மாதிரி கால் ஆட்டிக்கொண்டிருந்தது.

1964 ஜூன். பம்பாயில் மழை பிடித்து நாலு நாள். செம்பூரில் அண்ணன் வீட்டில் இருக்கும் செண்பகம், மாட்டுங்காவில் ஒரு மாடி ஹாலை ஞாயிறு காலைக்கு மட்டும் பிடித்து, நாட்டிய வகுப்பு நடத்துகிறாள். இரண்டு மூன்று வயசுப் பிள்ளைகளுக்கு... தனியாக அல்ல, பெற்றவர்களோடு சேர்த்து! பிள்ளை பெரியவரின் பாதத்தின் மேல் ஏறி நிற்க வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஒன்றாய்த் தட்ட வேண்டும். ஆரம்பத்தில் ஆயாவிடம் பிள்ளையைக் கொடுத்தனுப்பிவிட்டு மேட்னி போன மகராசிகள் உண்டு. அதனால்தான் வாசலில் போர்டு: 'தாய் அல்லது தகப்பன் உடன் வந்தால் மட்டும்.'

"இது லேடீஸ் கிளாஸ் சார்."

"போர்டுல தகப்பன்னும் போட்டிருக்கே?"

"அப்ப நீங்க... தகப்பனா?"

அவன் குழந்தையைப் பார்த்தான். போர்டைப் பார்த்தான். செண்பகத்தைப் பார்த்தான்... அந்தக் கண்! மழையில் கழுவிவிட்ட மாதிரி அப்படி ஒரு கறுப்பு.

"ஆமா," என்றான்.

"பேர்?"

"நம்பிராஜன். தாராவி. ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர்."

"உங்க பேரை யார் கேட்டா? பிள்ளை பேரு!"

"பேராச்சி."

"இத்துணூண்டு பிள்ளைக்கு இம்புட்டுப் பெரிய பேரா!"

"வளர வளர சரியாப் போயிரும் டீச்சர்."

தாய்மார் கொல்லென்று சிரித்தார்கள். செண்பகத்துக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை மறைக்க, இடுப்பில் இருந்த குமருவைச் சரிசெய்துகொண்டாள். குமரு அண்ணன் மகன். ஆடிக்காட்ட ஒரு குழந்தை வேண்டாமா? ஞாயிறுதோறும் அண்ணியிடமிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

நம்பிராஜன் ஆடிய அழகை என்ன சொல்ல! 'தையா தை' என்றால் இடது கால் போக வேண்டிய இடத்துக்கு வலது கால் போகும். முட்டியை மடக்குங்க என்றால் முதுகை மடக்குவான். பாதத்தின் மேல் நின்ற பேராச்சி மட்டும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "நம்பி... தட்டு!" என்று அதட்டும்.

பெற்ற தகப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறதே! இதைக் கண்டிக்க வீட்டில் ஒருத்தி இல்லையா? செண்பகம் அப்படி நினைத்தாள். நினைத்ததும் நெஞ்சில் என்னவோ சுருக்கென்றது.

வீட்டில் ஒருத்தி... ஆமாம், இருப்பாள்தானே.

அடுத்த ஞாயிறும் அவன்தான் வந்தான். அதற்கடுத்த ஞாயிறும். அவன் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் இவள் கை தாளத்தைத் தப்பாகத் தட்டியது. சீச்சீ... கல்யாணமானவன்டீ! கையில் பிள்ளையோடு வருகிறவன்டீ! திட்டிக்கொண்டே படிக்கட்டைப் பார்ப்பாள். இதென்ன பைத்தியம் என்று அவளுக்கே புரியவில்லை.

அவனாவது ஒழுங்காக இருந்தானா? அதுவும் இல்லை. பார்ப்பான்... பார்த்த வேகத்தில் தரையைப் பார்ப்பான். சிரிப்பான்... சிரித்துவிட்டு யாரோ அதட்டினது போல முகத்தை இறுக்கிக்கொள்வான்.

நாலாவது ஞாயிறு, மழை பேய்மழை. குமருவைத் தூக்கிக்கொண்டு செண்பகம் படியிலேயே நின்றுவிட்டாள்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வாங்க டீச்சர். நாலு பேருக்கும் குடை தாங்கும்."

பத்தடி நடந்திருப்பார்கள். அவன் தோள் இவள் தோளில் ஒரு கணம் பட்டது. அவ்வளவுதான்... தீப்பட்ட மாதிரி விலகினான்.

"இது சரியில்ல டீச்சர். தப்பு."

குடையை அவள் கையில் திணித்தான். பேராச்சியைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு, தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி ஓடியே போனான்.

நடு ரோட்டில் குடையோடு நின்றவளுக்கு அழுகையாக வந்தது. தப்பாமே! கூப்பிட்டது யாராம்? தொட்டதும் சுட்டுவிட்டதா? அவன் சொன்னது நியாயம் என்றுதான் புத்தி சொன்னது. மனசுக்குத்தான் கேட்கவில்லை. அன்று முதல் அவள் தலையணை நனையாத நாள் இல்லை.

ஆறாவது ஞாயிறு, மானத்தைத் திரட்டிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"குடை இந்தாங்க. இனி நீங்க வர வேண்டாம். பிள்ளையோட அம்மாவை அனுப்புங்க."

அவன் முகம் விழுந்துவிட்டது.

"அவுகளுக்கு ஞாயித்துக்கிழமை டூட்டி டீச்சர்..."

பெண்டாட்டிக்கு 'அவுக'வா! அம்புட்டு மரியாதையா! செண்பகத்துக்கு வயிறு எரிந்தது.

"அப்ப பிள்ளை பேரை எடுத்துடறேன்."

அவன் குடையை வாங்கிக்கொண்டான். பிறகு மெதுவாக, "வார ஞாயித்துக்கிழமை பேராச்சிக்குக் காது குத்து. காலையிலதான். கிளாஸ் முடிச்சிட்டு வாங்க. எல்லாரையும் அங்கயே பாத்துக்கலாம். நானும்... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான்.

போகக்கூடாது என்று ஏழு நாளும் முடிவு செய்தாள். ஆனாலும் போனாள். அவன் பெண்டாட்டியின் முகத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் இந்தப் பைத்தியம் தெளிந்துவிடும் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

தாராவிச் சந்தில் பந்தல். ஆசாரி ஊசியும் கம்மலும் எடுத்து வைத்திருந்தார். மஞ்சள் பூசிய முகத்தோடு ஒருத்தி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"டீச்சரா? நான்தான் பேராச்சிக்கு அம்மை, பார்வதி! ஒங்க பேச்சுத்தான் வீட்டுல எப்பப் பாத்தாலும்..."

அழகாயிருந்தாள். நல்லவளாயும் இருந்தாள். செண்பகம் இடுப்பிலிருந்த குமருவை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"நேரமாச்சு! மடி போடுங்கப்பா," என்றார் ஆசாரி.

நம்பிராஜன் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தான். பேராச்சியை மடியில் வாங்கிக்கொண்டான்.

செண்பகம் அப்படியே நின்றாள். காது குத்தும்போது பிள்ளை உட்காருகிற மடி யார் மடி என்று தமிழ்க்குடும்பத்தில் பிறந்த எவளுக்குத் தெரியாது?

தாய்மாமன் மடி!

"அவன்... உங்களுக்கு..."

"கூடப் பொறந்த தம்பி டீச்சர்! எனக்கு ஞாயித்துக்கிழமைன்னா ஆஸ்பத்திரி டூட்டி, இன்னைக்குத்தான் லீவு. இவுக கப்பல்ல," என்று பக்கத்தில் நின்ற மீசைக்காரரைக் காட்டினாள் பார்வதி. "லீவுல முந்தாநாள்தான் வந்தாக. இவன் இல்லன்னா எம் பிள்ளைக்கு ஆட்டமேது?"

ஊசி இறங்கியது. பேராச்சி வீறிட்டது. செண்பகம் குமருவைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். சந்தோஷமா, கோபமா... அவளுக்கே தெரியவில்லை. பொய்யன்! ஏமாற்றுக்காரன்!

"டீச்சர்! நில்லுங்க!"

திரும்பினாள். அழுகிற பேராச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான். பிள்ளையின் ஒரு காதில் கம்மல், இன்னொரு காது மூளி!

"இன்னும் என்ன பொய் பாக்கி இருக்கு?"

"ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். அன்னைக்கு உண்மையச் சொன்னா விரட்டியிருப்பீக. ஆறு வாரமா சொல்லணும் சொல்லணும்னு..."

"மூணு வாரமா நான் அழுதேனே!"

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் கண் விரிந்தது... உடனே சுருங்கியது.

"நீங்க அப்படிச் சொல்லலாமா டீச்சர்? ஒங்க வீட்டுக்காரரு காதுல விழுந்தா..."

"எந்த வீட்டுக்காரரு?"

"இவனைப் பெத்தவரு," என்று குமருவைக் காட்டினான்.

"இவனைப் பெத்தது எங்க அண்ணன்!"

மழை தூறத் தொடங்கியது. இரண்டு பேரும் அசையவில்லை.

"அண்ணனா... அரே! வாராவாரம் இடுப்புல வச்சிக்கிட்டு ஆடுனீகளே!"

"பிள்ளை இல்லாம எப்படி ஆடிக்காட்டறதாம்? அப்ப... அன்னைக்குக் குடையைக் கொடுத்துட்டு ஓடினது?"

"அடுத்தவன் பொண்டாட்டிகூட ஒத்தக் குடையில நடக்கலாமா? எனக்கும் சாமி பயம் இருக்குல்லா!"

செண்பகம் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். இந்த மடையனுக்காகவா நனைந்தது அந்தத் தலையணை!

"ஏலே நம்பி! இன்னொரு காது பாக்கி!" பந்தலிலிருந்து பார்வதியின் குரல். "தாய்மாமன் எங்கலே ஓடிட்டான்?"

பேராச்சி தேம்பிக்கொண்டே கையை நீட்டியது. "தீச்சர்..."

செண்பகம் அதை வாங்கித் தன் இன்னொரு இடுப்பில் வைத்துக்கொண்டாள். முகம் சிவக்க, அவனைப் பார்க்காமல், பிள்ளையின் கண்ணைத் துடைத்தாள்.

"டீச்சர் இல்லடி... அத்தை. அத்தைன்னு சொல்லு."

"என்ன சொன்னீக?" அவன் ஓரடி கிட்டே வந்தான்.

"தாய்மாமன் பொண்டாட்டியை வேற எப்படிக் கூப்பிடுவாங்களாம்?"

"செண்பகம்... அன்னைக்குக் குடையை வெளியில விடுங்கன்னு கத்துனீகளே, அப்பவே எம் மனசு ஒங்ககிட்ட வந்துட்டுது. பாவமாச்சேன்னு அடக்கி வச்சிருந்தேன்."

"எனக்கும் அப்பவேதான். அண்ணன்கிட்ட வந்து பேசுங்க. நாளைக்கே வாங்க. இன்னொரு வாரம் என்னால தாங்க முடியாது."

மறுபடி மடி போட்டான் நம்பிராஜன். செண்பகம் பக்கத்தில் மண்டியிட்டுப் பேராச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியது. பிள்ளை இந்தத் தடவை நம்பியைக் கூப்பிடவில்லை. பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அத்தே..." என்று அழுதது.

பார்வதி தம்பியைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். பிறகு, யாரிடமும் எதுவும் கேட்காமல், குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு செண்பகத்திடம் வந்தாள்.