மழை இல்லாமல் முளைத்த விஷம்

செல்போன் அலறியபோது இன்ஸ்பெக்டர் உமாதேவி முதல் இட்லியைப் பிட்டிருந்தாள்.

"மேடம்... ஏட்டு விமல்ராஜ் பேசறேன். ஒரகடம் லேடீஸ் ஹாஸ்டல் ஓனர் வரதராஜுலு போய்ட்டார்!"

"எங்கய்யா போனார்?"

"செத்துட்டார் மேடம்! ஈரல் கரைஞ்சு போச்சாம். விஷக்காளான்னு டாக்டர் சந்தேகப்படறார். வாடை தாங்கல... நீங்க சாப்ட்டுட்டு வாங்க."

உமாதேவி தட்டைத் தள்ளி வைத்தாள்.

மார்ச்சுவரியில் வரதராஜுலு மஞ்சளாகக் கிடந்தார். கண் மஞ்சள். தோல் மஞ்சள். நகக்கண்கூட மஞ்சள்! வாயோரத்தில் காய்ந்திருந்ததைப் பார்க்காமலிருக்க உமாதேவி கூரையைப் பார்த்தாள்.

வெளியே பெஞ்சில் அவர் மனைவி ஜெயம்.

"சொல்லும்மா. என்ன சாப்ட்டார்?"

"செவ்வாக்கெழம நைட்டு எட்டு மணிக்கு ஹாஸ்டல் மெஸ்ல காளான் வறுவல் துன்னாராம் மேடம். ஒம்போது மணிக்கு வூட்டுக்கு வந்தவரு வாசல்லயே வாந்தி! நடுவுல ஒரு நாள் தெளிஞ்சாரு. அப்பறம் மஞ்சளாயி... இன்னிக்கு இப்டி."

"மெஸ் யாரோடது?"

"பாண்டுரங்கன். இவரோட கூட்டாளி. போன வாரம் ரெண்டு பேருக்கும் அடிதடி. அவன்தான் மேடம்!"

பாண்டுரங்கன் மெஸ் வாசலில் நின்று மாவா பாக்கு மென்றுகொண்டிருந்தான். உமாதேவியைப் பார்த்ததும் சுவரோரம் துப்பினான். சிவப்புச் சாறு வழிந்து அரிசி மூட்டையில் இறங்கியது!

"கடை பாக்கெட் காளான் மேடம். அதே வறுவல நாப்பது பொண்ணுங்க துன்னுதுங்க. ஒருத்திக்கும் ஒண்ணும் ஆவல."

"அவருக்கு மட்டும் தனியா ஒரு தட்டு போட்டியா?"

"இன்னா மேடம் நீங்க... நானே போட்டு நானே மாட்டிக்குவனா?"

"பின்பக்கத்தைக் காட்டு."

அவன் முகம் சுருங்கியது.

"அங்க சாக்கடை மேடம். நானே போவ மாட்டேன்."

உமாதேவி போனாள். கர்ச்சீப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு போனாள்!

கழிவறைத் தண்ணீரும் மெஸ் கழுவிய தண்ணீரும் ஒன்றாகத் தேங்கிக் கறுத்திருந்தன. அதன் நடுவே ஃபேக்டரியிலிருந்து வந்த பேக்கிங் மரச்சட்டங்கள், ஆள் உயரத்துக்கு, அழுகி...

அந்த அழுகலில், கொத்துக் கொத்தாய்ப் பழுப்புக் காளான்கள்!

"விமல்ராஜ்! இவனை ஜீப்புல ஏத்து!"

"மேடம்! சத்தியமா இது இங்க மொளச்சிருக்கறதே எனக்குத் தெரியாது!"

மத்தியானம் சுபஸ்ரீ வந்தாள். வேளாண் கல்லூரியில் காளான் பாடம் எடுப்பவள். கையுறை மாட்டி, சேற்றுக்குள் காலை வைத்து, ஒரு காளானைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதேதான். ஆளைக் கொல்லும்."

"மழை பெஞ்சு ஒரு மாசம் ஆச்சே... வயலெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. எப்படி மொளைச்சுது?"

"புத்துக்காளானுக்குத்தான் மேடம் இடி மழை வேணும். இதுக்கு மூணே விஷயம் போதும். அழுகின பைன் மரம், வெயில் படாத நிழல், காயாத ஈரம். பைன் நம்ம ஊர் மரமே இல்ல... பேக்கிங் பெட்டியா கப்பல்ல வருது. ஈரத்துக்கு இந்தச் சாக்கடை. தை மாசக் குளிர் வேற! நாலடி தள்ளிப் பாருங்க... வெயில் படற எடத்துல ஒண்ணுகூட இல்ல."

உண்மைதான். வெயில்பட்ட கட்டைகள் சுத்தமாக இருந்தன.

"ஆனா மேடம்... இங்க யாரும் பறிச்ச மாதிரித் தெரியல. எல்லாக் கொத்தும் முழுசா இருக்கு. அவர் எத்தனை மணிக்குச் சாப்ட்டார்?"

"எட்டு."

"வாந்தி?"

"ஒம்பது."

சுபஸ்ரீ நிமிர்ந்தாள்.

"சான்ஸே இல்ல! இந்த விஷம் உள்ள போய் குறைஞ்சது ஆறு மணி நேரம் சத்தமே போடாது. அவர் இதைச் சாப்ட்டது மத்தியானம்!"

உமாதேவி ஜீப் சாவியைக் கையில் எடுத்தாள்.

"இதே மரம், இதே நிழல், இதே ஈரம் இன்னொரு எடத்துல இருந்தா...?"

"அங்கயும் மொளைக்கும் மேடம்."

ஜீப் வடக்குப்பட்டுக்குப் பறந்தது.

வரதராஜுலு வீட்டுக் கொல்லைப்புறம். குளியலறைக்கு மறைப்பாக அதே பேக்கிங் சட்டங்கள். குளித்த தண்ணீர் அதன் அடியில்தான் ஓடியது. அழுகிய கட்டையில் ஒரு பக்கம் பழுப்புக் கொத்து. மறுபக்கம், கத்தியால் வழித்தெடுத்த தடம்!

"பாத்துட்டீங்களா மேடம்?"

பின்னால் ஜெயம். பதற்றமே இல்லை.

"மழைல எங்க நாயி இதத் துன்னுட்டு மஞ்சளா கக்கிச் செத்துது. அப்பவே தெரியும். செவ்வாக்கெழமைன்னா மெஸ்ல காளான் வறுவல்... அதான் அன்னிக்கு மத்தியானம் நானே கொழம்பு வச்சேன்."

"ஏம்மா?"

ஜெயம் இடுப்பிலிருந்து ஒரு செல்போனை எடுத்து நீட்டினாள். வரதராஜுலுவின் போன்.

உமாதேவி ஒரு வீடியோவைத் திறந்தாள். ஹாஸ்டல் குளியலறை. ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு பெண். அவளுக்குத் தெரியாமல், மேலேயிருந்து...

சட்டென்று மூடினாள். இதுபோல நூறுக்கு மேல்! மார்ச்சுவரியில் தாங்கிய வயிறு இங்கே தாங்கவில்லை. கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

ஜெயம் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"எங்க அக்கா பொண்ணு சுகப்பிரியாவும் அதுல கீறா மேடம். பத்தொம்போது வருஷம் அந்தாளுக்குச் சோறு போட்டு, அவன் எச்சித் தட்டக் கழுவனேன்... அத நெனச்சாதான் கொமட்டுது. கொன்னத நெனச்சா ஒண்ணுமே இல்ல."

"மொதல்லயே எங்ககிட்ட வந்திருக்கலாமேம்மா..."

"வந்தா அவன் ஜாமீன்ல வந்துருவான். அந்தப் பொண்ணுங்க மூஞ்சி ஊரெல்லாம் சுத்தும்."

உமாதேவி விலங்கை எடுக்கவில்லை. ஜெயமே நடந்து போய் ஜீப்பில் ஏறினாள்.

ஸ்டேஷனில் பாண்டுரங்கன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தான்.

"நான்தான் சொன்னேனே மேடம்! அந்தம்மா மாட்டிக்கிச்சாமே? அப்ப நான் கெளம்பட்டா?"

"தாராளமா கெளம்பு."

அவன் இளித்தான். கறை படிந்த பற்கள்!

உமாதேவி வரதராஜுலுவின் போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ஒவ்வொரு வீடியோவும் போய்ச் சேர்ந்த ஒரே நம்பர். கீழே பதில்: 'சூப்பர் மச்சி. அடுத்தது எப்போ?'

அனுப்பியவன்... பாண்டுரங்கன்!

இளிப்பு அப்படியே உறைந்தது.

"மே... மேடம்... நா சும்மா பாத்தேன்... அவ்ளோதான்..."

"விமல்ராஜ், ஜீப்பை எடு. சாரைப் புழல் ஜெயில்ல எறக்கி விடணும்."

பாண்டுரங்கன் சுவரோரம் பின்வாங்கினான். உமாதேவி அவன் தோளைத் தொடக்கூட அருவருத்து, லத்தியின் நுனியால் வாசலைக் காட்டினாள்.

"பயப்படாம போய்யா... அங்க மெனுவுல காளான் கெடையாது!"