தேதி மறந்த கேமரா

காலை ஏழு மணிக்குக் கேமராவின் பேட்டரியை மாற்றுவது இரண்டு வாரமாக வில்வநாதனின் வழக்கம். மனைவிக்குக் கஞ்சியை ஆற வைத்துவிட்டு, அது ஆறுகிற நேரத்தில் அந்த வேலையை முடிப்பார். ஒரு பேட்டரி பதினைந்து படங்களுக்கு மேல் தாங்காது. இரண்டு வைத்திருந்தார், ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது சார்ஜில் கிடக்கும். புதியதைச் செருகி மூடியைத் தள்ளியதும் பின்னாலுள்ள குட்டித் திரை விழித்துக்கொண்டு, முதல் தடவை வீட்டுக்கு வந்த விருந்தாளியைப்போல விசாரிக்கத் தொடங்கும். என்ன மொழி? எந்த ஊர் நேரம்? இன்றைக்கு என்ன தேதி? நேற்று சொன்ன பதில் ஒன்றுகூட அதற்கு ஞாபகமிருக்காது. பேசாமல் விட்டால் 2012, ஜனவரி 1 என்று தானே வைத்துக்கொள்ளும். வில்வநாதன் பிறப்பதற்கு நான்கு வருடம் முந்தைய தேதி அது.

அவருடைய அப்பா வாங்கிய கேமரா. கல்யாணமான புதிதில் வில்வநாதன் குற்றாலத்துக்கு அதைத்தான் கொண்டு போனார். தலை ஈரம் சொட்ட, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு மனைவி செண்பகவல்லி நிற்கிற படம் ஒன்று உண்டு. அழித்துவிடுங்கள் என்று சொல்லி மூன்று நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை அவள். அவர் அழிக்கவில்லை. அந்தக் காலத்தில் கண்ணை மூடினால் மூடினபடிதான் படம் விழும். முகத்தில் பரு இருந்தால் பருவோடு விழும். படம் நன்றாக வரவில்லை என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ள முடிந்தது.

இப்போது கோவில்பட்டியில் யாருடைய படமும் மோசமாக வருவதில்லை. பொய்ப் படங்கள் பெருகி, அண்ணன் படத்தைத் தம்பி நம்பாத நிலைமை வந்தபோது, 2058இல் மெய்ம்முகச் சட்டம் போட்டார்கள். பத்து வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் பதிவகத்துக்குப் போய் முகத்தைப் பதிய வேண்டும். அதற்குப் பதிவுமுகம் என்று பெயர். அதன்பின் எந்தத் திரையில் எந்தப் படம் வந்தாலும், முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பானாலும், அந்த ஆளுக்குரிய பதிவுமுகத்தைத்தான் திரை காட்டும். வாய் அசையும், கண் சிமிட்டும், சிரிக்கும். அழுகை மட்டும் வராது. வில்வநாதன் கடைசியாகப் பதிந்தது அறுபது வயதில். செண்பகவல்லி பதிந்தது ஐம்பத்தேழு வயதில், கன்னம் உருண்டு, மூக்குத்தி மினுங்க. அதற்குப் பிறகு ஏழு வருடம் ஓடிவிட்டது. இந்தக் கடைசி ஐந்து மாதத்தில் வயிற்றுக் கட்டி அவளைப் பாதியாக்கிவிட்டது.

டாக்டர் பத்து வாரம் சொன்னார். அதில் மூன்று போய்விட்டது.

மகள் மதிவதனி நார்வேயில் கடற்பண்ணை ஒன்றில் வேலை பார்த்தாள். தொலைதூரப் பயணத்துக்கு மூன்று வருடத்துக்கு ஒரு தூரப்பங்குதான் எல்லாருக்கும். அதை அவள் அடுத்த சித்திரைக்கென்று வைத்திருந்தாள். உடனே கிளம்பி வா என்று வில்வநாதன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். சுவர்த்திரையில் அம்மா கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டு, ஒண்ணுமில்ல, லேசா வயித்துவலி என்று சொல்லும்போது அப்பா பேச்சு எடுபடவில்லை. போன பங்கை அவருடைய நெஞ்சுவலிக்காகச் செலவழித்துப் பதினோரு நாள் கப்பலும் ரயிலுமாக ஓடி வந்தவள் அவள். அது வெறும் வாய்வு என்று ஆகிவிட்டது. அப்பாவுக்கு எப்போதும் எதையும் பெரிசுபண்ணிச் சொல்லித்தான் பழக்கம் என்பது அவள் முடிவு.

முகத்தைப் புதிதாகப் பதியலாம் என்றால் அதற்கு உரியவர் சம்மதிக்க வேண்டும். செண்பகவல்லி முடியாது என்றாள். பிள்ளை மனசில் அந்த முகமே இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பரணில் இந்தக் கேமரா அகப்பட்டது. தேதி வைக்கச் சோம்பல்பட்டு அப்படியே மனைவியை ஒரு படம் எடுத்து, சுவரில் போட்டார். ஒட்டிய கன்னமும் குழி விழுந்த கண்ணுமாக, இருக்கிறபடியே அவள் வந்து நின்றாள். பழைய கேமரா, இணையத்தோடு சேராதது, அதனால்தான் நிஜத்தைச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டார். அன்றே மகளுக்கு அனுப்பினார். இது யாரோட பழைய படம், கடையநல்லூர் ஆச்சியா, அம்மா ஜாடை அப்படியே இருக்கிறதே என்று பதில் வந்தது. அம்மாதான் என்று எழுதினார். அப்பா, 2012ன்னு தேதி போட்டிருக்கு, என்னை ஏமாத்தாதீங்க என்று எழுதிவிட்டாள். மறுநாள் தேதியைக் கையால் சரியாக வைத்து எடுத்தார். சுவரில் ஐம்பத்தேழு வயதுச் செண்பகவல்லி சிரித்தாள்.

முப்பது வருடம் மழைமானி பார்த்து அளவெழுதியவர் வில்வநாதன். அளவு சரியாக இருந்து தேதி தப்பாக இருந்தால் அந்த வரியையே அடித்துவிட வேண்டும் என்பது அந்த வேலையில் விதி. யோசித்து யோசித்து இப்படி ஒரு முடிவுக்கு வந்தார்: கையால் வைக்கிற தேதியைத் திரை சந்தேகப்படுகிறது, கேமரா தானாகவே தேதியை ஞாபகம் வைத்துக்கொண்டால் அதை நம்பும். ஆகவே கோளாறைச் சரிபண்ண வேண்டும்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஜெபமணி பழுதுக்கடை வைத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கென்று உள்ளே தனியாக ஒரு குட்டி பேட்டரி உண்டு, பெரிய பேட்டரியைக் கழற்றினாலும் தேதியைப் பிடித்து வைத்திருப்பது அதுதான், பெரியதிலிருந்து அது தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்று விளக்கினாள். நிறைந்த பேட்டரியைப் போட்டு ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுப் பார்த்தாள். மறுநாள் கழற்றி, பத்து நிமிஷம் கழித்துப் போட்டால், மறுபடியும் 2012. குட்டி பேட்டரி செத்துப்போயிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு ஒரு காது மிஷினிலிருந்து எடுத்ததைப் பற்ற வைத்தாள். மூன்றாம் நாள் வில்வநாதன் போனபோது, கேமரா எந்தக் கேள்வியும் கேட்காமல் விழித்தது. அன்றைய தேதி, அன்றைய மணி. அவருக்கு என்னவோ கொஞ்சம் வெறுமையாக இருந்தது.

"நில்லுங்க அண்ணாச்சி, சோதிக்காம குடுக்க மாட்டேன்" என்று ஜெபமணி அவருடைய டோக்கன் அட்டையைக் கையில் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்தாள். பிறகு தேதியை வேண்டுமென்றே 2012க்குத் தள்ளி இன்னொன்று. இரண்டையும் கடைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். ஒன்றில் தலை நிறைய முடியோடு அறுபது வயது வில்வநாதன். மற்றதில் சவரம் செய்யாத, இரண்டு பல் போன வில்வநாதன்.

கேமராவின் குட்டித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதில் இரண்டு படத்திலும் அந்த இரண்டு பல் இல்லை.

"கேமரா ஒரு தப்பும் பண்ணலை அண்ணாச்சி. அது எப்பவும் இருக்கிறதத்தான் எடுக்குது. சுவரு தேதியப் பாக்குது. சட்டத்துக்கு முந்துன தேதின்னா பழம்படம்னு விட்டுருது. பிந்துன தேதின்னா முகத்த மாத்தி ஒட்டிருது."

வில்வநாதன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் முழுவதையும் அவளிடம் சொன்னார். டாக்டர் சொன்னது, மகள் நம்பாதது, வாய்வு எல்லாவற்றையும்.

"அப்போ தேதி நெசமா இருந்தா முகம் பொய். முகம் நெசமா இருந்தா தேதி பொய்" என்றார் கடைசியில். "எதை அனுப்பினாலும் அவ நம்ப மாட்டா, தாயி."

ஜெபமணிக்குச் சங்கடமாகிவிட்டது. வேண்டுமானால் குட்டி பேட்டரியைத் திரும்பப் பிடுங்கிவிடட்டுமா என்று கேட்டாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசை மாற்ற நினைத்தோ என்னவோ, அவள் படத்தைக் காட்டிச் சிரித்தாள்.

"அதப் பாருங்க. முகத்துக்கு அறுபது, கைக்கு அறுபத்தெட்டு. பதிவகத்துக்காரன் கையப் பதிய மறந்துட்டான்."

உண்மைதான். சரியான தேதி போட்ட படத்திலும், டோக்கனைப் பிடித்திருந்த விரல்கள் நரம்பெடுத்து, புள்ளி விழுந்து, இன்றைக்கு இருக்கிறபடியே இருந்தன.

அவர் வீட்டுக்கு வந்தபோது செண்பகவல்லி சன்னலோரம் சாய்ந்திருந்தாள். உன் கையை ஒரு படம் எடுத்து மதிக்கு அனுப்பப்போகிறேன் என்று நேராகவே சொன்னார். முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தீர்களாக்கும் என்று கிண்டல் செய்துகொண்டு அவள் கையை நீட்டினாள். கையில் என்ன இருந்துவிடப்போகிறது என்ற நினைப்பு அவளுக்கு.

வெளிச்சம் பார்த்து எடுத்துச் சுவரில் போட்டார். சுவர் நிறைய அந்தக் கை. ஒரு காலத்தில் சோப்புப் போட்டால்தான் கழலும் என்றிருந்த வளையல்கள் முழங்கை வரை ஏறிக் கிடந்தன. கல்யாண மோதிரம் நழுவாமலிருக்க அதன் அடியில் நூல் சுற்றியிருந்தாள். ஊசி குத்திய இடமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. கீழே அன்றைய தேதி.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "நூலு தெரியுது" என்றாள்.

"அனுப்பவா?"

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருக்காதீங்க" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்பத்தோரு வருட இல்லறத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்; அனுப்பிவிட்டார்.

இரண்டு மணி நேரத்தில் அழைப்பு வந்தது. சுவரில் மதிவதனி, பதிந்தபோதிருந்த முப்பது வயதில், பளிச்சென்று. குரலில் மட்டும் அழுகை.

"அம்மா, முகம் வேண்டாம். கையக் காட்டு."

செண்பகவல்லி போர்வைக்குள்ளிருந்து கையை எடுக்கத் தயங்கினாள். வில்வநாதன் அதைத் தாங்கிப் பிடித்துத் திரைக்கு நேரே கொண்டுபோனார்.  மதிவதனி தன் கையைக் கொண்டுவந்து அங்கே திரைமேல் வைத்தாள், அம்மா கையைத் தொடுகிறவளைப்போல. கோவில்பட்டிச் சுவரில் அந்த உள்ளங்கை பெரிதாக விரிந்தது.

தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. உப்பு அரித்த விரல் சந்துகளில் ரத்தம் கட்டியிருந்தது. இரண்டு நகங்கள் இல்லை. போன தடவை வந்துபோனதிலிருந்து வாரம் தவறாமல் சுவரில் முகம் மட்டும் பார்த்து வந்த மகளுடைய கை அது.

செண்பகவல்லி தலையணையிலிருந்து நிமிர்ந்தாள். "ஏட்டி, கையில என்னது?"

"ஒண்ணுமில்லம்மா. வேலதான்."

ஐந்து மாதமாக அந்த வீட்டிலிருந்து போய்க்கொண்டிருந்த அதே ஒண்ணுமில்லை. செண்பகவல்லிக்கு மூச்சு வாங்கியது. கணவர் பிடித்திருந்த கையை விடுவித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து எட்டுகிற மட்டும் சுவரை நோக்கி நீட்டினாள்.

"சித்திரையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இன்னைக்கே கெளம்பு. வந்து ஒரு நாலு வாரமாவது எங்கூட இரு. அந்தக் கைக்கு நான் எண்ணெ தடவணும்."

வில்வநாதன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஏழு வாரம் மீதி. வழியில் பதினோரு நாள். சுவரில் மதிவதனியின் முப்பது வயது முகம் அழத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.