தொட்டியின் ஆழம்

மீட்டர் 5,938 லிட்டர் காட்டும்போதே வாசல் தரைத்தொட்டி நிரம்பி வழிந்தது. சித்தேஷ் டேங்கர் வால்வை மூடினான். வழக்கமாக ஆறாயிரமும் பிடிக்கும். இன்று அறுபத்திரண்டு லிட்டர் மிச்சம்.

தொட்டியின் ஆழத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவர் வனமாலாவின் கணவர் குருதத்தர். நீளம் இரண்டு மீட்டர், அகலம் ஒன்றரை, பெருக்கினால் மூன்று. ஆறாயிரம் லிட்டர் என்பது ஆறு கன மீட்டர். மூன்றால் வகுத்தால் ஆழம் இரண்டு. அவர் இறந்து மூன்று வாரம். இப்போது வகுத்தால் இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது.

"மீட்டர் சரியா இருக்காப்பா?" வனமாலா கேட்டாள்.

"பெங்களூரு பூரா தண்ணி குறையுதுன்னுதான் சண்டைக்கு வருவாங்க. மிஞ்சுதுன்னு கேக்கறது நீங்க ஒருத்தர்தாம்மா."

அடுத்த வாரம், தொட்டி வற்றியதும், டேப்போடு அவனை உள்ளே இறக்கினாள். சேறில்லை. ஆழம் சரியாக இரண்டு மீட்டர். ஏறி வந்தவன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "வெயில் நேரத்துலயும் உள்ள சில்லுனு இருக்கும்மா." தண்ணீரை விட்டான். மறுபடியும் 5,938.

அன்று மத்தியானம், தெருவே உண்டு அடங்கிப்போய், மின்விசிறியும் நின்றுவிட்ட வேளையில், குளியல் தொட்டியில் யாரோ சாவகாசமாகப் புரண்டு படுப்பதுபோல் தரைக்கடியிலிருந்து தண்ணீர் அலம்பும் சத்தமும், கூடவே அவர் போட்டுக் குளிக்கும் சந்தனச் சோப்பு வாசமும் எழுந்து வந்தன. அவள் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்தாள். கடைசியாக நிறுத்தபோது எடை 62 கிலோ.

ஹூப்ளிக்கே வந்துவிடச் சொல்லி மகள் தினமும் அழைத்தாள். அவரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? பேச ஆளில்லாத பகல்களில் தொட்டி மூடியருகே பாய் விரித்து, காதைத் தரையில் வைத்துப் படுத்தாள். பிறகு பயம் வந்தது. ஒருநாள் உள்ளிருந்து அவள் மூச்சுக்கு இணையாக மூச்சு கேட்டது. மகளுக்குப் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரேம்மா."

சனிக்கிழமை டேங்கர் வந்தது. வழிந்தது.

"இன்னிக்கு இன்னும் சீக்கிரமே ரொம்பிடுச்சும்மா. 5,886." சித்தேஷ் குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

நூற்றுப் பதினாலு மிச்சம். அதில் அறுபத்திரண்டு அவர். மீதி ஐம்பத்திரண்டு.

முந்தாநாள் கிளினிக்கில் அவளுக்கு எடை பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு.

மூடியைத் தள்ளினாள். குனிந்தாள். அலை அடங்கியது.

அவர் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் அவள்.

குனிந்தவள் இமைக்காமல் பார்த்தாள். தண்ணீருக்குள் இருந்தவளின் கண்கள் மூடியிருந்தன.