ஓபெட்டின் முறை

ஓஹாயோவின் அந்தச் சிற்றூரில், நீதிமன்றத் திடலில் வக்கீல் லெமுவேல் பிராட் வண்டியை விட்டு இறங்கியபோது நல்ல வெயில். மாட்டிறைச்சி சுடும் வாசனை. தேர்தல் விவாதத்துக்குச் சரியான கூட்டம். மேடையில் வழக்கம்போல இரண்டு நாற்காலிகள்.

"செத்தவனுக்கு எதுக்குய்யா நாற்காலி?" என்று நீதிபதி ஹாஸ்கெலிடம் சிடுசிடுத்தான்.

"ஜனங்க ஆசைப்படுறாங்க, லெமுவேல். முதல்ல நீ பேசு. ஓபெட் பதில் சொல்ற நேரத்துல எல்லாரும் மரியாதைக்குச் சும்மா உக்காந்திருப்போம். அவ்வளவுதான்."

லெமுவேலுக்கு வயிறு எரிந்தது. எத்தனை வருடப் போட்டி! இவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி வாதாடுவான். எதிர்த்தரப்பு வக்கீல் ஓபெட் கிரேன் எழுந்து ஒரே ஒரு நக்கல் அடிப்பான், ஜூரி மொத்தமும் சிரித்துக்கொண்டே அவன் பக்கம் சாய்ந்துவிடும். தேர்தல் மேடையிலும் அதே கூத்து. இவன் மனைவி தபித்தாகூட ஓபெட் பேசினால் வாய்விட்டுச் சிரிப்பாள். போன வாரம் காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்த சேதி வந்ததும், லெமுவேல் இன்னொரு துண்டு சோள ரொட்டியைத் தேனில் தோய்த்துத் தின்றான். பதவி கைக்கு வந்த மாதிரிதான். ஆனால் பதவி யாருக்கு வேண்டும்? ஒரே ஒரு தடவை இந்த ஜனம் தனக்காகச் சிரிக்க வேண்டும். தபித்தா சிரிக்க வேண்டும்.

தொண்டை வறளப் பேசினான். நாலு பேர் கைதட்டினார்கள். தபித்தா கொட்டாவி விட்டாள்.

அடுத்து ஓபெட்டின் முறை. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். திடல் அடங்கியது.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

குப்பென்று கிராம்பு வாசனை. விஸ்கி நாற்றம் தெரியாதிருக்க ஓபெட் மெல்லுவானே, அதே கிராம்பு.

முன்வரிசையில் ஒரு கிழவர் களுக்கென்று சிரித்தார். பின்னால் இன்னொருவர். அப்புறம் திடலே குலுங்கிச் சிரித்தது. எல்லார் கண்ணும் மேடையில் ஓர் ஆள் நிற்கும் உயரத்தில் இருந்தது.

லெமுவேலுக்கு மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை.

"என்னய்யா சொல்றான்?" என்று ஹாஸ்கெலின் சட்டையைப் பிடித்தான்.

"சும்மா இருய்யா, கேக்க விடு!"

தபித்தா கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தேர்தலில் லெமுவேல்தான் ஜெயித்தான். எதிர்த்து நிற்க ஆள் ஏது? அன்று மாலை தபித்தா மேசையில் மூன்று தட்டு வைத்தாள்.

"யாருக்கு இது?"

அவள் காலி நாற்காலியைப் பார்த்து, சிரிப்பை அடக்க மாட்டாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிராம்பு மணத்தது.

"ஐயோ, போதும் ஓபெட்," என்றாள் மூச்சு வாங்க. "பாவம், அவரு பக்கத்துலயே உக்காந்திருக்காரு."