முதுகு காட்டி நின்ற போஸ்டர்

போஸ்டரில் வாசற்படி காலியாக இருந்தது.

காலையில் சுந்தரராஜுலு மில்லுக்குப் புறப்பட்டபோதுகூட, இரட்டைச் சடை போட்ட அந்தக் கார்ட்டூன் சிறுமி அங்கேதான் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். இப்போது ஓட்டு வீடும் வாசலும் அப்படியே இருக்க, அவள் நின்ற இடம் மட்டும் வெளேரென்று கிடந்தது. வெயில் பட்டுச் சாயம் போயிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். வெயில் என்ன, வீட்டை விட்டுவிட்டு ஆளை மட்டுமா தின்னும்?

மனைவி பங்காரம்மா இறந்த பிறகு பீளமேட்டு வீட்டில் அவருக்குத் துணை இந்தப் போஸ்டர்கள்தான். கேபிள் டிவி வந்த புதிது. கார்ட்டூன் தொடர்களுக்கு விளம்பரமாக அடித்து மிஞ்சியவை உக்கடத்தில் பஷீரின் பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வரும், டீக்காசுக்குக் கிடைக்கும். இந்த வயதில் கார்ட்டூனா என்று மில்லில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பேச ஆளில்லாத வீட்டில் சுவராவது சிரித்த முகமாக இருக்க வேண்டாமா? கரடியும் கோமாளியும் குண்டுப் போலீஸ்காரரும் சுவரை அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

இவள் ஒருத்திதான் முகம் காட்டாதவள். "இது எந்தப் படம்னே தெரியலீங்ண்ணா, சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்று பஷீர் கொடுத்தது. நேற்று ஒட்டி முடித்ததும், வாசலில் நிற்பவரை உள்ளே கூப்பிட்டே பழகிய வாய் சொல்லிவிட்டது: "ஏங்கண்ணு வெளியவே நிக்கறே? உள்ள வா."

அந்தி மங்கியது. மைதாப் பசையின் புளித்த வாடை சுவரிலிருந்து அல்ல, சமையலறையிலிருந்து வந்தது. கூடவே ஒரு சத்தம். ஈரக் காகிதத்தைத் தரையில் இழுப்பது போல நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து, பங்காரம்மா உட்கார்ந்து காய் நறுக்கும் இடத்தில் போய் ஓய்ந்தது.

எட்டிப் பார்த்தார். முதுகு. இரட்டைச் சடை. அவள் மெல்லப் பக்கவாட்டில் திரும்பினாள். திரும்பியதும் காணவில்லை. நூல் பருமனில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் நின்றது. கோடு அசைந்தது. அவரை நோக்கி வந்தது.

துணைக்கு ஏங்கியவர்தான். ஆனால் இந்தத் துணை வேண்டாம். இது போய்விட வேண்டும், அவ்வளவுதான். கையெடுத்துக் கும்பிட்டார். வீடு தேடி வந்தவரை 'போ' என்று சொல்லிப் பழகாத நாக்கு, பழகியதையே சொன்னது.

"போயிட்டு வா கண்ணு."

கோடு நின்றது. வாசல் கதவிடுக்கில் நுழைந்து வெளியே போனது. சுந்தரராஜுலு தாழ்ப்பாளைப் போட்டு, கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நிம்மதியில் விம்மி விம்மி அழுதார்.

அப்புறம்தான் தான் சொன்னது உறைத்தது. போயிட்டு. வா.

திரும்பிப் பார்த்தார். சுவரில் கரடி இல்லை. கோமாளி இல்லை. போலீஸ்காரர் இல்லை. அவர்களுக்குப் பின்னால் வரைந்திருந்த வெறும் மரங்கள், ரோடுகள் மட்டும். ஜன்னல் திறந்து கிடந்தது.

வெளியே ஈரக் காகிதம் இழுபட்டது. ஒன்றல்ல. பல.

"வந்துட்டேனுங்க" என்றது ஒரு சின்னக் குரல், மரியாதையாக. "எல்லாத்தையும் கூட்டிட்டு வந்துட்டேனுங்க."

கதவுக்கு அடியில், சிரித்தபடியே, தட்டையாக, ஒவ்வொரு முகமாக உள்ளே வந்தது. கடைசியாக அவள் வந்தாள். இம்முறை அவர் பக்கம் திரும்பியிருந்தாள். முகம் இருக்க வேண்டிய இடம் முழுக்கப் பசை தடவி, ஈரமாக, ஒட்டத் தயாராக இருந்தது.