குதிரைவாசல் வீட்டு நாற்காலிகள்

நாற்காலி தூக்குகிற வேலை இருக்கிறதே, அதைவிடச் சலிப்பான வேலை இந்தப் புதுக்கோட்டையிலேயே கிடையாது. நம்பாதவர்கள் ஒரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சித்திரை வெயிலில், தெற்கு நாலாம் வீதியில் ஒரு நடை நடந்து பார்க்கலாம். செவந்தி ஒவ்வொரு சனிக்கிழமையும் நடந்தாள். அவளுக்கு வயது பத்து.

நாற்காலிகள் எல்லாம் இரவல். வக்கீல் வீட்டில் கொஞ்சம், பள்ளிக்கூடத்தில் கொஞ்சம். வண்டிக்காரர் சவரியப்பன் தன் மாட்டுவண்டியில் ஏற்றி வருவார். வண்டியில் இடம் போதாததைச் செவந்தியும் அவள் அம்மாவும் தலையில் சுமந்து வருவார்கள். எல்லாவற்றையும் குதிரைவாசல் வீட்டுக்குள் வரிசையாகப் போட வேண்டும். கூட்டம் முடிந்ததும் அத்தனையையும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"இந்த நாற்காலிகளுக்கு மட்டும் வாய் இருந்தா அழுதுரும் ஆத்தா," என்றார் சவரியப்பன், ஒன்றை இறக்கி வைத்தபடி. "வாராவாரம் ஊர்வலம் போகுதுக. ஒருத்தராச்சும் உக்காந்து பாத்திருக்கோமா?"

செவந்திக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. "நீங்க வேற! பேசாம இறக்குங்க," என்றாள்.

குதிரைவாசல் வீடு மிகப் பழைய வீடு. எப்போதோ குதிரைப்படைத் தலைவர் ஒருவர் அதில் இருந்தாராம். குதிரையில் ஏறியபடியே உள்ளே போகலாம், அவ்வளவு உயரமான வாசல். உள்ளே பெரிய கூடம். செவந்தி கட்டிப்பிடித்தால் இரண்டு கைகளும் சேராத தேக்குத் தூண்கள். சுண்ணாம்பை இழைத்து இழைத்துப் போட்ட தரை, கோடையிலும் சில்லென்று இருக்கும்.

யாரும் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீடு அது. வௌவால்கள் குடித்தனம் நடத்தின. சுவரில் ஆலங்கன்று முளைத்திருந்தது. ஊரில் உள்ள மாதர் சங்கத்துப் பெண்கள்தாம் சமஸ்தானத்திடம் கேட்டு அந்த வீட்டை வாங்கி, வௌவாலைத் துரத்தி, செடியைப் பிடுங்கி, வெள்ளையடித்துப் பார்த்துக்கொண்டார்கள். சமஸ்தானம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. வீடு ஊர்ப் பெண்களுக்கு உபயோகப்பட வேண்டும். இல்லாவிட்டால் இடித்துவிட்டு அரிசிக் கிடங்கு கட்டிவிடுவார்கள். யுத்த காலம், கிடங்குக்கு இடம் தேவைப்பட்டது.

அதற்காகத்தான் சனிக்கிழமைக் கூட்டம். ஒரு வாரம் பிள்ளை வளர்ப்பு பற்றி யாராவது பேசுவார்கள். ஒரு வாரம் தோட்டம் போடுவது பற்றி. எல்லாம் நல்ல பேச்சுதான். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

செவந்தியின் அம்மா அமராவதி சங்கத்தின் காரியதரிசி. விடியுமுன் எழுந்து, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று, சமைத்து, துவைத்து, பிறகு சங்க வேலைக்கு வருவாள். ஆனால் அந்த வீட்டுக்குள் காலை வைத்ததும் அம்மாவின் முகமே மாறிவிடும். தூண்களைத் துடைத்துக்கொண்டே மற்றப் பெண்களோடு கேலி பேசிச் சிரிப்பாள். வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து செவந்தி பார்த்ததே இல்லை. அதனாலேயே அவளுக்குக் குதிரைவாசல் வீடு பிடிக்கும்.

கொஞ்ச நாளாக மற்றப் பெண்கள் வருவது நின்றுபோய், அம்மா அங்கேயும் சிரிப்பதில்லை.

அன்றைக்கும் கூட்டம் தொடங்கியது. சங்கத் தலைவி பிச்சையம்மாள், மேசைக்கு அந்தப் பக்கம் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் வக்கீலின் மனைவி. எதையும் முறைப்படி செய்ய வேண்டும் அவருக்கு. எதிரே வரிசை வரிசையாக நாற்காலிகள். அத்தனையும் காலி.

வாசலில் மட்டும் சில தலைகள் எட்டிப்பார்த்தன. மோர் விற்கிற மூக்காயி வந்தாள், நின்றாள், ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றாள், போய்விட்டாள். முத்துமாரியம்மாளும் அவர் மருமகள் பொன்னுத்தாயும் வந்தார்கள். மாமியார் நாற்காலியைப் பார்த்தார். மருமகள் மாமியாரைப் பார்த்தாள். இருவரும் திரும்பிப் போய்விட்டார்கள்.

"பாத்தியா அமராவதி? இந்த ஊருக்கு இதெல்லாம் வேண்டியதில்ல," என்றார் பிச்சையம்மாள் கசப்போடு. "அடுத்த வாரம் சமஸ்தானத்து அதிகாரி நேர்ல பாக்க வாராரு. இந்தக் காலி நாற்காலிகளத்தான் அவருக்குக் காட்டப்போறோம்."

அம்மா கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

செவந்திக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிடக் கால் வலித்தது. கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். கால் தரைக்கு எட்டாமல் தொங்கியது. முதுகுச் சட்டம் குத்தியது. "போ சனியனே," என்று அதிலிருந்து வழுக்கி இறங்கி, பின்னால் இருந்த தூணில் சாய்ந்து தரையில் காலை நீட்டினாள். ஆகா! எவ்வளவு சுகம்!

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஏதோ சரசரத்தது. பார்த்தால், மூக்காயி! போனவள் திரும்பி வந்திருந்தாள். மோர்ப்பானையை இறக்கி வைத்துவிட்டு, செவந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சேன் அத்தை," என்றாள் செவந்தி மெதுவாக.

"போனேன். வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தா நீ தரையில உக்காந்திருக்க. சரி, தரையிலயும் உக்காரலாம் போலன்னு வந்துட்டேன்."

"நாற்காலியில உக்காந்தா என்னவாம்?"

"அடி ஆத்தி! அதுல எவ உக்காருவா? எனக்கு முன்ன பெரிய மனுசி யாராச்சும் நின்னா? அப்புறம் எந்திரிக்கணும், உக்காரணும், எந்திரிக்கணும். அதுக்கு நின்னுக்கிட்டே இருக்கலாம். நிக்கத்தான் தெம்பில்லையே, அதான் வீட்டுக்குப் போயிர்றது."

செவந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாமியார் நாற்காலியைப் பார்த்ததும், மருமகள் மாமியாரைப் பார்த்ததும் அவள் நினைவுக்கு வந்தன. மாமியார் முன்னால் மருமகள் நாற்காலியில் உட்கார மாட்டாள். மாமியாருக்கோ அதில் உட்கார்ந்தே பழக்கமில்லை. அட, பேச்சு பிடிக்காமல் யாரும் போகவில்லை! இந்த நாற்காலிகள்தாம் எல்லாரையும் விரட்டுகின்றன!

கூட்டம் முடிந்ததும் ஓடிப்போய்த் தலைவியிடம் சொன்னாள். "பெரியம்மா, அடுத்த வாரம் நாற்காலியே வேணாம். எல்லாரும் தரையில உக்காந்துக்குவோம்."

பிச்சையம்மாள் திடுக்கிட்டார். "அதிகாரி வர்ற அன்னைக்கா? என்ன நெனப்பாரு? நாற்காலி இல்லாட்டி அது கூட்டமா, கல்யாணப் பந்தியா? போ போ, போயி வண்டியில ஏத்து."

செவந்தி ஏற்றினாள். வேறு என்ன செய்வது?

அடுத்த சனிக்கிழமையும் நாற்காலிகள் வந்தன. வழக்கத்தைவிட அதிகமாகவே வந்தன. வெயிலில் சுமந்து சுமந்து அம்மாவின் முகம் கறுத்துப்போயிருந்தது.

"முடியல செவந்தி," என்றாள் அம்மா. "இன்னியோட வீடு போச்சுன்னா போகட்டும். நானாச்சும் கொஞ்சம் படுப்பேன்."

அம்மா அப்படிச் சொன்னதுதான் செவந்திக்குப் பயமாக இருந்தது.

அதிகாரி ரெங்கராஜ் கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். அவரும் ஊர் ஊராகச் சுற்றி அலுத்துப்போனவராகத்தான் தெரிந்தார். முதல் வரிசை நடுவில் அவரை உட்காரவைத்தார்கள். வாந்திபேதி வராமல் தடுப்பது எப்படி என்று டாக்டரம்மா பேசத் தொடங்கினார்.

வாசலில் தலைகள் தெரிந்தன. கோட்டையும் தலைப்பாகையையும் பார்த்ததும் அவை பின்வாங்கின.

செவந்தி சத்தமில்லாமல் பின்பக்கம் போனாள். கடைசி வரிசைக்குப் பின்னால் தூணடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்துத் தரையைத் தட்டிக் காட்டினாள்.

"இங்கிட்டு வாங்க அத்தை. நாற்காலி வேணாம். இங்கன உக்காருங்க."

மூக்காயி முதலில் வந்தாள். பிறகு முத்துமாரியம்மாள் வந்து தூணில் சாய்ந்தார். பொன்னுத்தாய் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். தரையில் யாருக்கும் யாரோடும் வம்பில்லை. விறகு விற்றுவிட்டு வந்தவர்கள், இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்கள் என்று ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தபடி ஓசைப்படாமல் நுழைந்தார்கள். பின்பாதிக் கூடம் நிறைந்துவிட்டது.

ஆனால் அதிகாரிக்கோ மேசைப் பக்கம் இருந்தவர்களுக்கோ அது எப்படித் தெரியும்? அதிகாரி உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வரிசை வரிசையாக நாற்காலி முதுகுகள்தாம்.

"பேச்ச நிறுத்துங்கம்மா," என்றார் அவர். "யாருக்காகப் பேசுறீங்க? ஒருத்தரும் இல்லையே. நான் சொல்றேன்னு வருத்தப்படாதீங்க. இந்த வீட்டால யாருக்கும் உபயோகம் இல்ல."

பிச்சையம்மாள் தலைகுனிந்தார். அம்மா புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

செவந்தி எழுந்து நின்றாள். "ஐயா, இருக்காங்க! நாற்காலிக்குப் பின்னால இருக்காங்க!"

சொல்லிவிட்டு, கடைசி வரிசை நாற்காலி ஒன்றைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். அடுத்ததையும் இழுத்தாள்.

"செவந்தி! என்ன காரியம் பண்ற?" என்று பதறினார் பிச்சையம்மாள். அம்மா ஒரு நொடி மகளைப் பார்த்தாள். பிறகு அவளும் வந்து மறுபக்கம் இழுக்க ஆரம்பித்தாள்.

வரிசைகள் விலகின. கூடம் நிறையப் பெண்கள்! அதிகாரி வாயைப் பிளந்தார்.

ஆனால் அவர் பார்வை பட்டதும் எல்லாரும் சடசடவென்று எழுந்துவிட்டார்கள். ஐயா முன்னால் எப்படி உட்கார்ந்திருப்பது? மூக்காயி மோர்ப்பானையைத் தூக்கிவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் கூடம் காலியாகிவிடும்.

செவந்தி தலைவியிடம் ஓடினாள். "பெரியம்மா, நீங்க கீழ உக்காந்தா அவங்களும் உக்காருவாங்க. உங்களுக்குந்தான் முதுகு வலிக்கும்ல? எத்தன நேரம் நிமிந்தே இருப்பீங்க?"

பிச்சையம்மாள் அவளை உற்றுப் பார்த்தார். கூட்டம் நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து அவர் முதுகைப் பற்றி யாரும் கேட்டதில்லை. மெல்ல எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். மூக்காயியின் பக்கத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுமெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"அப்பாடா!"

கூடம் முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். அம்மாவுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. அவளைப் பார்த்து மூக்காயி சிரித்தாள். பிறகு எல்லாருமே சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இப்போது நாற்காலியில் இருந்தவர் அதிகாரி ஒருவர்தான். சுற்றுமுற்றும் பார்த்தார். கூச்சமாகப் போய்விட்டது போலும். தலைப்பாகையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, அவரும் ஓர் ஓரமாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். "சில்லுன்னு இருக்கே!" என்று தரையைத் தடவிப் பார்த்தார்.

டாக்டரம்மாவும் கீழே உட்கார்ந்து, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நாள் முழுதும் பாடுபட்ட பெண்கள், தரையோ சில்லென்ற தரை. பாதிப் பேருக்குக் கண் சொருகியது. முத்துமாரியம்மாள் கண்ணை மூடியேவிட்டார்.

அதிகாரி விடவில்லை. "இந்தாம்மா, வந்ததே தூங்குறதுக்குத்தானா?" என்றார்.

முத்துமாரியம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கண்ணுதாங்க மூடியிருக்கு, காதையா மூடிட்டேன்? தண்ணியக் கொதிக்கவச்சுக் குடிக்கணும். ஈ மொச்சதத் திங்கக்கூடாது. கொளத்துல மலத்துணி அலசக்கூடாது. அதானே சொன்னாக?"

"ஆமா, கொதிக்கவைக்கச் சொல்றீக. வெறகு?" என்றது ஒரு குரல். பேசியது பொன்னுத்தாய்! மாமியார் சட்டென்று கண்ணைத் திறந்து பார்த்தார். "கேளு, நல்லாக் கேளு," என்று மறுபடி மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான். ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். டாக்டரம்மாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. கூட்டம் முடிந்தபோது விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது.

அதிகாரி தலைப்பாகையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வீடு உங்ககிட்டயே இருக்கட்டும்மா. கிடங்குக்கு வேற எடம் பாக்கச் சொல்றேன்," என்றார். பிறகு செவந்தியைப் பார்த்து, "நான் ஒக்காந்திருந்த நாற்காலி ரொம்ப மோசம்," என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் சவரியப்பன் வண்டியோடு நின்றார். "அடுத்த வாரமும் எப்பவும்போல வந்துரவாங்கம்மா?"

"வேணாம் சவரியப்பா," என்றார் பிச்சையம்மாள். "மாட்டுக்கும் ஒனக்கும் சனிக்கிழம லீவு."

அடுத்த சனிக்கிழமை, தோட்டம் போடுவதைப் பற்றி யாரோ பேசினார்கள். கூடம் நிறைந்திருந்தது. சுமக்க எதுவும் இல்லாததால் அம்மா முதல் முறையாகச் செவந்திக்குப் பக்கத்திலேயே தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். கத்தரி நாற்று நடுவதற்குள் அம்மாவின் தலை மெல்லச் சரிந்து செவந்தியின் தோளில் விழுந்தது.

"எழுப்பட்டுமா?" என்று மூக்காயி ரகசியமாகக் கேட்டாள்.

"வேணாம் அத்தை. நான் கேட்டு வச்சுச் சொல்லிக்கிறேன்," என்றாள் செவந்தி.

கூட்டம் முடிகிறவரை அவள் அந்தத் தோளை அசைக்கவே இல்லை.