கோந்து எங்கே போனது?

“இந்த வருஷம் ஆள் கிடையாது. நம்ம வீட்டுக்கு நாமே வெள்ளையடிக்கிறோம்” என்று அப்பா சொன்னபோது அம்மா நம்பவில்லை. அப்பா ரயில் ஆபீசில் குமாஸ்தா. பேனாவைத் தவிர வேறு எதையும் அவர் கையில் பிடித்து அம்மா பார்த்ததில்லை.

டோரீன் மட்டும் குதித்தாள். “நானும் வர்றேன், அப்பா!”

இது நடந்தது 1934-ஆம் வருஷம் டிசம்பரில். பெங்களூரில், அடுகோடிக்குப் போகும் சாலையில், ஒரு ரொட்டிக்கடையின் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. கீழேயிருந்து வரும் ரொட்டி வாசனை இலவசம். அதோடு வரும் புகையும் இலவசம். அந்தப் புகையில் சுவரெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது.

அப்பா முதலில் ஆணி ஓட்டைகளை அடைத்தார். பிறகு முன்னறையில் ஒரு பலகை அடித்தார். அது இடது பக்கம் கொஞ்சம் சரிந்து நின்றது.

“சாஞ்சிருக்கே?” என்றாள் அம்மா.

“அழகுக்காகத்தான், பிரிஜெட்” என்றார் அப்பா.

அடுத்து சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும், அது புஸ் புஸ்ஸென்று கொதித்தது. அடுப்பே இல்லாமல் கொதிக்கிறதே என்று டோரீன் வாயைப் பிளந்து பார்த்தாள்.

“இது மட்டும் போதாது” என்றார் அப்பா. “கோந்து கலந்தாதான் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். இல்லாட்டி தொட்டவன் கையோட வந்துடும்.”

அவர் ஒரு மண்சட்டியில் கோந்தை ஊறவைத்தார். சட்டியை டோரீனிடம் கொடுத்தார்.

“அப்பப்போ கிளறிவிடு. நாளைக்குக் காலையில வேணும். இது உன் பொறுப்பு.”

பத்து வயதில் ஒரு பொறுப்பு கிடைப்பது பெரிய விஷயம். டோரீன் அன்று மாலைவரை அரைமணிக்கு ஒரு தடவை கிளறினாள். கோந்து தேன்போலப் பளபளவென்று ஆகிவிட்டது. அங்கேதான் வந்தது வினை.

கிறிஸ்துமஸுக்கு மாதா கோயில் மண்டபத்தில் தொங்கவிட, பிள்ளைகளை ஆளுக்கொரு காகித நட்சத்திரம் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். போன வருஷம் டோரீன் மாவுப்பசையால் ஒட்டியிருந்தாள். பெங்களூர்ப் பனியில் பசை இளகி, பூசை முடிவதற்குள் நட்சத்திரத்தின் இரண்டு கால்கள் கழன்று விழுந்துவிட்டன. பையன்கள் ஒரு மாதம் அவளை ‘நொண்டி நட்சத்திரம்’ என்று கூப்பிட்டார்கள்.

ஒரே ஒரு கரண்டி கோந்து எடுத்தால் என்ன? எடுத்தாள். காகிதம் கப்பென்று பிடித்துக்கொண்டது. இன்னொரு கரண்டி எடுத்தாள். நட்சத்திரத்துக்குப் பன்னிரண்டு கால் வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. வைத்தாள். கீழே குஞ்சம் ஒட்டினாள். ஜிகினாத்தாள் ஒட்டினாள். நிமிர்ந்து பார்த்தபோது சட்டியின் அடி தெரிந்தது.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். வேறு கோந்து வாங்கக் கடையும் திறந்துதான் இருந்தது. ஆனால் டோரீன் என்ன செய்தாள் தெரியுமா? சட்டியில் மறுபடி விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, நன்றாகக் கிளறி, மூடிவைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அப்பா அந்தத் தண்ணீரைச் சுண்ணாம்பில் ஊற்றினார். “நல்லா கிளறியிருக்கே! கட்டியே இல்ல” என்று பாராட்டவும் செய்தார்.

நார்மட்டையைத் தோய்த்துத் தோய்த்து நாள் முழுவதும் முன்னறையை அடித்தார்கள். ஈரத்தில் சாம்பலாகத் தெரிந்த சுவர், சாயங்காலம் காய்ந்ததும் பளிச்சென்று வெளுத்தது. அப்பாவின் மீசையும்தான். அவர் அறைக்கு நடுவில் நின்று நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அம்மா சிரித்தாள். டோரீன் மெதுவாகச் சுவரில் ஒரு விரலை வைத்து எடுத்தாள். விரல் நுனி வெள்ளையாக இருந்தது. அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் படாத பாடு பட்டாள். நாற்காலிகளைச் சுவரைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போட்டாள். பெஞ்சை அறை நடுவுக்கு இழுத்துவந்தாள். “நடக்க வழியில்லாம என்ன இது?” என்று அம்மா பெஞ்சைத் திருப்பிச் சுவரோரம் தள்ளினாள்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் சிரில் மாமா வந்தார். அவர் அம்மாவின் அண்ணன். வீடு கட்டும் மேஸ்திரி. ஆளும் பெரிது, குரலும் பெரிது. அன்றைக்குப் புத்தம்புதுக் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். கூடவே ஜோசஃபின் அத்தையும் கருநீலப் பட்டுச்சேலையில் வந்திருந்தாள்.

“என்ன மாப்பிள்ளை, நீயே அடிச்சியாமே? பரவாயில்லையே! வெள்ளை நல்லாத்தான் தெரியுது” என்றபடி மாமா பெஞ்சில் உட்கார்ந்தார்.

“மாமா, இந்த நாற்காலியில உட்காருங்க!” என்று டோரீன் ஓடினாள்.

“இருக்கட்டும்மா” என்று மாமா சுவரில் நன்றாகச் சாய்ந்தார். அத்தையும் பக்கத்தில் சாய்ந்துகொண்டாள். அச்சுமுறுக்குத் தட்டு வந்தது. மாமா ஒவ்வொரு முறுக்குக்கும் ஒரு தடவை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தக் குலுங்கலில் அவர் முதுகு சுவரில் என்ன பாடுபடுகிறது என்று டோரீனுக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசியில் மாமா எழுந்து திரும்பினார். கறுப்புக் கோட்டின் முதுகு வெள்ளை வெளேரென்று இருந்தது. அத்தையின் சேலையும் அப்படியே. பிறகு மாமா சுவரில் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தார்.

“மாப்பிள்ளை! கோந்து போடலையா?”

“போட்டேனே, மச்சான். ஒரு சட்டி நிறைய!”

“சட்டி நிறைய தண்ணி போட்டிருப்பே. கோந்துல போய் மிச்சம் பிடிச்சியா?” மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “உன் சுவரை நான் முதுகுல தூக்கிட்டுப் போறேன்!”

அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. துணியை எடுத்துவந்து மாமாவின் முதுகைத் தட்டிவிட்டார். “எங்கேயோ அளவு தப்பிட்டேன்போல” என்று மெதுவாகச் சொன்னார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

டோரீன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

மறுநாள் கோயிலுக்குப் போனால், மாமா முந்திக்கொண்டு எல்லாரிடமும் கதையைச் சொல்லிவிட்டிருந்தார். “கோந்து மிச்சம் பிடிச்ச பெர்னார்ட்” என்று அப்பாவின் சிநேகிதர்களே கேலி செய்தார்கள். ஒருவர் திரும்பி நின்று, “என் முதுகுல ஏதாவது இருக்கா பாரு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டோரீனின் பன்னிரண்டு கால் நட்சத்திரம் மண்டபத்தில் ஒரு கால்கூடக் கழலாமல் தொங்கிக்கொண்டிருந்தது. “எவ்வளவு கெட்டியா ஒட்டியிருக்கே!” என்று அத்தை அவள் கன்னத்தைக் கிள்ளினாள். டோரீனுக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம்போல வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நார்மட்டையைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டார்.

“உள்ளறை பாக்கி இருக்கே, அப்பா?” என்றாள் டோரீன்.

“மச்சான் ஆள் அனுப்பறேன்னு சொன்னார். வந்து ரெண்டு அறையையும் அடிக்கட்டும். நமக்கு இந்த வேலையெல்லாம் வராதும்மா.”

அதற்குமேல் டோரீனால் முடியவில்லை. அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, பன்னிரண்டு கால், குஞ்சம், தண்ணீர், எதையும் விடவில்லை.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

“எடுத்தே, சரி. கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன்” என்றார் அவர். “தண்ணி எதுக்கும்மா ஊத்தினே?”

டோரீன் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, “மாமாகிட்ட நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நீ போய்ச் சாப்பிடு” என்றார்.

மறுநாள் அம்மா சோறு வடித்த கஞ்சியில் அப்பாவின் சட்டையை முக்கிக்கொண்டிருந்தாள். காய்ந்தால் சட்டைக் காலர் அட்டைபோல நிற்கும். டோரீன் அதையே உற்றுப் பார்த்தாள்.

“அம்மா, துணியை நிக்கவைக்கிற கஞ்சி சுண்ணாம்பை நிக்கவைக்காதா?”

“யாருக்குத் தெரியும்? போட்டுப் பாரு” என்றாள் அம்மா.

தொட்டியில் மீதிச் சுண்ணாம்பு இருந்தது. டோரீன் ஒரு கிண்ணத்தில் அதை எடுத்து, சூடான கெட்டிக் கஞ்சியை வடிகட்டி ஊற்றிக் கலக்கினாள். கதவுக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், பழைய சுண்ணாம்பைத் துடைப்பத்தால் நன்றாகத் தட்டிவிட்டு, ஒரு முழ அகலத்துக்குப் பூசினாள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டாள். பிறகு அப்பாவின் கறுப்புக் குடையை எடுத்துவந்து அந்த இடத்தில் தேய் தேய் என்று தேய்த்தாள். குடைத்துணியில் பொட்டு வெள்ளை இல்லை!

குடையோடு போய் அப்பாவின் முன்னால் நின்றாள். அப்போதும் அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. அப்பா கதவுக்குப் பின்னால் போனார். தானும் ஒரு தடவை தேய்த்தார். முழங்கையை வைத்து அழுத்தினார். பிறகு பரணிலிருந்து நார்மட்டையை இறக்கினார்.

“சுவர் முழுக்கப் பூசக் கஞ்சி பத்தாது” என்றார்.

“முழுக்க வேண்டாம், அப்பா. முதுகு படுற உயரத்துக்குப் போதும்.”

“யார் முதுகு?”

“எங்க அண்ணன் முதுகுதான்! அவர் உயரத்துக்குப் போடுங்க, மத்தவங்க எல்லாம் அதுக்குள்ள அடக்கம்” என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

அடுத்த இரண்டு நாளும் கெட்டிக் கஞ்சிக்காக அடுப்பில் சோறு குழையக் குழைய வெந்தது. மூன்று பேரும் குழைந்த சோற்றையே சாப்பிட்டார்கள். மேல்பாதி தூய வெள்ளை, கீழ்ப்பாதி லேசான மஞ்சள் கலந்த வெள்ளை என்று சுவர் இரண்டு நிறமாக நின்றது. “இதுவும் அழகுக்காகவா?” என்று அம்மா கேட்டாள். அப்பா சிரித்தார். ஆனால் டோரீனைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

புதுவருஷத்தன்று சிநேகிதர்கள் நாலைந்து பேரும் மாமாவும் அத்தையும் வந்தார்கள். எல்லாரும் அறை நடுவில், குளிரில் நிற்கும் கோழிகளைப்போல ஒட்டி ஒட்டி நின்றார்கள். யாரும் சுவர்ப்பக்கம் போகவில்லை.

மாமா மட்டும் ஒற்றை விரலால் சுவரைத் தொட்டார். விரலைப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். மேஸ்திரி அல்லவா, முகர்ந்தும் பார்த்தார்.

“கஞ்சி! யார் யோசனை இது?”

“டோரீன் யோசனைதான், மச்சான்” என்றார் அப்பா.

“அடி சக்கை! அப்பன் கெடுத்து வச்சதை மகள் நேராக்கிட்டா!” மாமா அவள் முதுகில் ஓங்கித் தட்டினார். “மாப்பிள்ளை, இனிமேலாவது கோந்து எவ்வளவு போடணும்னு இவகிட்ட கேட்டுக்கோ!”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் தலையை ஆட்டி, “கேட்டுக்கறேன்” என்றார்.

நடந்ததை அப்பா சொல்லமாட்டார் என்று டோரீனுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் சொல்லமாட்டார், அடுத்த கிறிஸ்துமஸுக்கும் சொல்லமாட்டார். பேசினால் இத்தனை பேரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் பேசினாள்.

“இல்ல மாமா. அப்பா போட்ட அளவு சரிதான். அந்தக் கோந்தை நான் எடுத்து நட்சத்திரத்துக்கு ஒட்டிட்டேன். தெரியாம இருக்கச் சட்டியில தண்ணி ஊத்தி வச்சேன். கெடுத்தது நான்தான்.”

சிரிப்பு நின்றது. அத்தையின் கை முறுக்குத் தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. டோரீன் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அதன்மேல் சொட்டியது.

மாமா தொண்டையைக் கனைத்தார். முதல் தடவையாக அவர் குரல் சின்னதாக இருந்தது.

“மாப்பிள்ளை, தெரிஞ்சேதான் இத்தனை நாளும் சும்மா இருந்தியா? நான் ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேனே!”

அப்பா தோளைக் குலுக்கினார். “நம்ம பொண்ணுதானே, மச்சான்.”

மாமா அறை நடுவிலிருந்து விடுவிடுவென்று நடந்துபோனார். கறுப்புக் கோட்டோடு சுவரில் முழு முதுகும் படச் சாய்ந்தார். இடமும் வலமுமாகத் தேய்த்தார். பிறகு எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றார். கோட்டு கன்னங்கரேலென்று இருந்தது.

“நல்லா பாத்துக்கோங்க எல்லாரும்! பெர்னார்ட் அளவு சரிதான். நாளைக்குக் கோயில்ல நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்” என்று முழங்கினார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். “எங்க வீட்டு மாடிப்படிச் சுவர் ரொம்ப அழுக்கா கிடக்கு. நீயே வந்து அடிச்சுக் கொடுக்கறியா?”

“நான் தனியா வரமாட்டேன், மச்சான்” என்றார் அப்பா. “டோரீன் வந்தா நானும் வருவேன்.”

அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக டோரீன் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.